சனிக்கிழமை நடுவர்கள்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

2024 அக்டோபர் 19, சனிக்கிழமை இரவு. அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் டெக்சாஸ் பல்கலைக்கழகமும் ஜார்ஜியா பல்கலைக்கழகமும் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடுகின்றன. ஜார்ஜியா 23–8 என்று முன்னால் இருக்கிறது. அவர்கள் எறிந்த பந்தை டெக்சாஸ் வீரர் ஜாடே பேரன் குறுக்கே பாய்ந்து பறித்து, எதிரணியின் எல்லைக்குப் பக்கத்தில் ஒன்பது யார்டு தூரம் வரை கொண்டுபோய்விட்டார். அரங்கமே எழுந்து கத்துகிறது. பார்த்தால், புல்தரையில் ஒரு மஞ்சள் துணி கிடக்கிறது. பந்தைப் பிடிக்க வந்தவரைப் பேரன் முறைகேடாகத் தடுத்தார் என்று நடுவர் பெனால்டி கொடுத்துவிட்டார். பறித்த பந்து மறுபடி ஜார்ஜியாவுக்கே போனது.

அரங்கத்தின் பெரிய திரையில் அந்தக் காட்சியைப் பார்த்த கூட்டத்துக்குப் பொறுக்கவில்லை. தண்ணீர் பாட்டில்கள் பறந்து வந்து மைதானத்தில் விழுந்தன. ஆட்டம் நின்றது. குப்பையை அள்ளிக்கொண்டிருந்த அந்த இடைவெளியில் நடுவர்கள் கூடிப் பேசினார்கள். அப்புறம் பெனால்டி இல்லை, பந்து டெக்சாஸுக்குத்தான் என்று தீர்ப்பை மாற்றிவிட்டார்கள்.

முதல் தீர்ப்பு தவறு, மாற்றிய தீர்ப்பு சரி என்பதுதான் என் கருத்து. ஆனால் கல்லூரி ஆட்ட விதிப்படி அந்த வகைப் பெனால்டியை வீடியோ பார்த்து மாற்ற முடியாது. பாட்டில் விழாமல் இருந்திருந்தால் ஆட்டம் அடுத்த நிமிடமே தொடர்ந்திருக்கும், அந்தத் தவறும் அப்படியே நின்றிருக்கும். கூட்டம் பொருளை வீசினால் தீர்ப்பு மாறும் என்ற செய்தி நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்தது. ஜார்ஜியாவின் பயிற்சியாளர் கெர்பி ஸ்மார்ட் இது ஆபத்தான முன்னுதாரணம் என்று அன்றைக்கே சொன்னார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. டெக்சாஸுக்கு இரண்டரை லட்சம் டாலர் அபராதம் விழுந்தது. ஜார்ஜியா 30–15 என்று வென்றதால் விவகாரமும் மெல்ல அடங்கிப்போனது.

இந்த ஆட்டத்தைப் பார்த்திராத நேயர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹெல்மெட்டும் தோள் கவசமும் போட்ட 11 பேர், எதிரே இன்னொரு 11 பேர். முட்டை வடிவப் பந்து. நான்கு வாய்ப்புக்குள் 10 யார்டு முன்னேற வேண்டும். முன்னேறினால் இன்னொரு நான்கு வாய்ப்பு கிடைக்கும். அவ்வளவுதான் அடிப்படை. ஆனால் இதற்குக் கூடுகிற கூட்டம் பெரிது. மிச்சிகன் பல்கலைக்கழக அரங்கத்தில் மட்டும் ஒரு லட்சத்து ஏழாயிரம் பேர் உட்காரலாம். செப்டம்பரிலிருந்து நவம்பர் முடிய அமெரிக்காவின் சனிக்கிழமைகள் இந்த ஆட்டத்துக்கே எழுதி வைக்கப்பட்டவை. நான் ஒஹையோ மாநிலத்தில் வசிக்கிறேன். இங்கே அந்த நாளில் கல்யாணம் வைப்பதற்குக்கூட ஆட்ட அட்டவணையைப் பார்ப்பவர்கள் உண்டு.

விதி மீறினால் நடுவர் மஞ்சள் துணியை வீசுவார். அந்தத் துணிக்கும் எங்கள் மாநிலத்துக்கும் ஒரு சொந்தம் இருக்கிறது. 1941 வரை நடுவர்கள் ஊதுகுழலைத்தான் நம்பியிருந்தார்கள். கூட்டத்தின் இரைச்சலில் அது யார் காதிலும் விழாது. யங்ஸ்டவுன் கல்லூரியின் பயிற்சியாளர் டுவைட் பீடி, வீசிக் காட்ட ஒரு துணி இருந்தால் எல்லோருக்கும் தெரியுமே என்று யோசித்தார். அவர் மனைவி இர்மா அதைத் தைத்துக் கொடுத்தார். அந்த ஆண்டு அக்டோபர் 17 அன்று நடந்த ஆட்டத்தில் முதன்முறையாகத் துணி விழுந்தது. நடுவர் என்ன செய்கிறார் என்று பார்ப்பவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். இன்று துணி விழுவது தெரிகிறது, ஏன் விழுந்தது என்பதுதான் தெரியாமல் போய்விட்டது.

பெனால்டிகள் கூடிக்கொண்டே போகின்றன என்ற புகார் இப்போது எல்லா ஊரிலும் கேட்கிறது. பந்து நகரும் முன்பே அசைந்தால் 5 யார்டு, எதிராளியைப் பிடித்து இழுத்தால் 10, முரட்டுத்தனமாக மோதினால் 15. இவை பழைய கணக்கு. ஆட்டம் மாறிவிட்டது. அணிகள் மூச்சு விடாமல் அடுத்தடுத்து ஆடுகின்றன. எறிவதா ஓடுவதா என்று கடைசி நொடியில் முடிவெடுக்கும் உத்தி பரவிவிட்டது. அதில் முன்வரிசைக் காவலர்கள் மூன்று யார்டுக்கு மேல் முன்னேறிவிட்டார்களா என்று ஒருவர் கண் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். வீரர்கள் வருடத்துக்கு ஒரு கல்லூரி என்று மாறுகிறார்கள். முன்வரிசையில் நிற்கும் ஐந்து பேருக்கும் ஒருவர் அசைவு ஒருவருக்குப் பழகுவதற்குள் பருவம் பாதி முடிந்துவிடுகிறது. அதனால் தவறுகளும் கூடுகின்றன, துணியும் விழுகிறது. இந்தப் பெனால்டிகளைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தம் இல்லை.

என்னை உறுத்துவது டார்கெட்டிங் என்கிற விதி நடைமுறையில் படும் பாடு. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

தலையைக் குறிவைத்து மோதுவது, ஹெல்மெட்டின் உச்சியால் முட்டுவது, இவைதான் டார்கெட்டிங். 2008-ல் இதற்குத் தனி விதி வந்தது. 2013-ல் தண்டனையைக் கடுமையாக்கினார்கள்: 15 யார்டோடு, செய்தவர் ஆட்டத்தை விட்டே வெளியேற வேண்டும். ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் செய்திருந்தால் அடுத்த ஆட்டத்தின் முதல் பாதியிலும் உட்கார வேண்டும் என்று அப்போது வைத்தார்கள். இந்த விதி தேவையா என்றால், தேவை என்று அடித்துச் சொல்வேன். பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல் வெளியிட்ட முடிவில், கல்லூரி அளவில் ஆடி இறந்த 53 பேரின் மூளைகளில் 48-ல் தொடர் அடிகளால் வரும் சிதைவு காணப்பட்டது. சந்தேகம் இருந்த குடும்பங்களே அந்த மூளைகளைத் தானம் செய்தன. ஆகவே ஆடுகிற எல்லோருக்கும் இந்த விகிதத்தைப் பொருத்த முடியாது. இருந்தாலும் பிள்ளையை இந்த ஆட்டத்துக்கு அனுப்பும் எந்தத் தாயும் தகப்பனும் அந்த எண்ணை எளிதில் கடந்துபோக முடியாது.

இவ்வளவு முக்கியமான விதியை நடைமுறைப்படுத்திய விதத்தைப் பாருங்கள். 2013-ல் வீடியோ பார்த்து, இது டார்கெட்டிங் இல்லை என்று தீர்மானித்தால் வீரர் திரும்ப வந்து ஆடலாம். ஆனால் 15 யார்டு தண்டனை மட்டும் அப்படியே நிற்கும்! நடக்காத குற்றத்துக்குத் தண்டனை. ஒரு பருவம் முழுக்க இப்படியே ஆடி முடித்து, 2014-ல்தான் திருத்தினார்கள். 2019-ல் இன்னொரு திருத்தம்: வீடியோவில் உறுதியானால் மட்டுமே வெளியேற்றம், இல்லாவிட்டால் ரத்து. 2022-ல் இரண்டாம் பாதித் தண்டனைக்கு மேல்முறையீடு வந்தது. இத்தனை திருத்தம் செய்தும், எது டார்கெட்டிங் என்பதில் பத்து பேரைக் கேட்டால் பத்து பதில் வருகிறது.

2025 புத்தாண்டு நாளில் அட்லாண்டாவில் நடந்த பிளேஆஃப் காலிறுதியை எடுத்துக்கொள்ளுங்கள். தேசிய சாம்பியனைத் தீர்மானிக்கும் கடைசிச் சுற்றுகள்தான் பிளேஆஃப். டெக்சாஸும் அரிசோனா ஸ்டேட்டும் 24–24 என்று சமநிலையில் இருந்தன. முடிய ஒரு நிமிடம்தான் மீதி. அரிசோனா ஸ்டேட் வீரர் மெல்குவான் ஸ்டோவல் பந்தைப் பிடித்ததும் டெக்சாஸின் மைக்கேல் டாஃப் வந்து மோதினார். ஹெல்மெட்டும் ஹெல்மெட்டும் இடித்ததை நாடே பார்த்தது. வீடியோ பார்த்தார்கள், டார்கெட்டிங் இல்லை என்றார்கள். அறிவிப்பு அதோடு முடிந்தது. ஏன் இல்லை? அவர் தலையைக் குறிவைக்கவில்லையா? பிடித்தவர் தற்காத்துக்கொள்ளும் நிலையில் இருந்தாரா? எதற்கும் விளக்கம் இல்லை. பெனால்டி கொடுத்திருந்தால் அரிசோனா ஸ்டேட்டுக்கு இன்னொரு நான்கு வாய்ப்பும், பந்தை உதைத்து வெற்றிப் புள்ளி எடுக்கத் தோதான இடமும் கிடைத்திருக்கும். கடைசியில் கூடுதல் நேரத்தில் டெக்சாஸ் 39–31 என்று வென்றது. அரிசோனா ஸ்டேட்டில் நம்மூர்ப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். அன்று அவர்கள் எழுப்பிய கேள்விக்கு விதி தெரிந்தவர்களாலேயே உறுதியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அந்த அணி சேர்ந்திருக்கும் பிக் 12 என்ற பல்கலைக்கழகக் கூட்டமைப்பின் தலைவர் பிரெட் யோர்மார்க், நாடு முழுவதற்கும் ஒரே அளவுகோல் வேண்டும் என்று வெளிப்படையாகவே பேசினார்.

அவர் ஏன் அப்படிப் பேசினார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. விதிப்புத்தகம் ஒன்றுதான், அதை என்சிஏஏ என்ற தேசிய அமைப்பு வெளியிடுகிறது. ஆனால் நடுவர்களைத் தேர்ந்தெடுப்பது, பயிற்சி கொடுப்பது, சம்பளம் கொடுப்பது, மதிப்பெண் போடுவது, தண்டிப்பது எல்லாம் கான்ஃபரன்ஸ்கள். கான்ஃபரன்ஸ் என்பது பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் கூட்டமைப்பு. எஸ்இசி, பிக் டென், ஏசிசி, பிக் 12 இவைதான் பெரியவை. 2024 பருவத்தில் ஒரு கான்ஃபரன்ஸின் எத்தனை அணிகள் பிளேஆஃப் போயின என்பதைப் பொறுத்து அதற்கு வந்த பணம் மாறியது. நடுவருக்குச் சம்பளம் கொடுப்பவரும், ஆட்டத்தின் முடிவால் லாபமோ நஷ்டமோ அடைபவரும் ஒருவரே.

நடுவர்கள் வேண்டுமென்றே ஒரு பக்கம் சாய்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. எனக்கு அந்த எண்ணமும் இல்லை. ஆனால் சந்தேகத்துக்கு இடம் கொடுக்கும் ஏற்பாட்டை வைத்துக்கொண்டு சந்தேகப்படாதே என்று ரசிகரிடம் சொல்ல முடியுமா? கிரிக்கெட்டிலும் ஒரு காலத்தில் சொந்த நாட்டு அம்பயர்கள்தான் நின்றார்கள். 1994-லிருந்து டெஸ்டில் ஒருவர் வெளிநாட்டவர், 2002-லிருந்து இருவருமே வெளிநாட்டவர் என்று ஆனது. அதற்கு முன் இருந்த அம்பயர்கள் எல்லோரும் நேர்மையற்றவர்களா என்ன? இல்லை. ஆனாலும் அந்த மாற்றம் தேவைப்பட்டது.

2018-ல் பேக்-12 கான்ஃபரன்ஸில் நடந்தது இதற்குச் சரியான சாட்சி. செப்டம்பர் 21 அன்று வாஷிங்டன் ஸ்டேட்டுக்கும் தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கும் ஆட்டம். ஒரு மோதலை, வீடியோவை மறுபடி போட்டுப் பார்க்கும் ரீப்ளே அறையில் இருந்தவர்கள் டார்கெட்டிங் என்று தீர்மானித்தார்கள். அதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள் அவர்கள். அப்போது கான்ஃபரன்ஸின் சட்ட அதிகாரி தொலைபேசியில் வந்து, இல்லை என்று சொல்லிவிட்டார். தீர்ப்பு அவர் சொன்னபடியே அமைந்தது. ரீப்ளே நடுவர் தன் அறிக்கையில் இதை எழுதி வைத்தார். அது பத்திரிகையாளர் கைக்குக் கிடைத்ததால்தான் வெளியே வந்தது. கான்ஃபரன்ஸ் பிறகு தவறை ஒப்புக்கொண்டு நடைமுறையை மாற்றியது. அந்த அறிக்கை வெளியே வராமல் இருந்திருந்தால்? இதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

தவறு நடந்த பிறகு என்ன செய்கிறார்கள்? 2015 அக்டோபர் 31, டியூக் பல்கலைக்கழகத்துக்கும் மயாமிக்கும் ஆட்டம். கடைசி ஆறு நொடியில் மயாமி வீரர்கள் பந்தை எட்டு முறை கைமாற்றி ஓடி, 30–27 என்று வென்றார்கள். நடுவில் ஒரு வீரரின் முழங்கால் தரையில் பட்டிருந்தது. அதோடு ஆட்டம் முடிந்திருக்க வேண்டும். நிமிடக்கணக்கில் வீடியோ பார்த்தும் அதைக் கோட்டைவிட்டார்கள். மறுநாள் ஏசிசி அந்த நடுவர் குழுவையே இரண்டு ஆட்டங்களுக்கு நிறுத்தி வைத்தது. முடிவு மாறவில்லை. அடுத்த ஆண்டு செப்டம்பரில் ஓக்லஹோமா ஸ்டேட்டுக்கும் சென்ட்ரல் மிச்சிகனுக்கும் நடந்த ஆட்டத்தில், நேரம் முடிந்த பிறகு கொடுக்கக்கூடாத ஒரு வாய்ப்பைக் கொடுத்தார்கள். அந்த வாய்ப்பில் சென்ட்ரல் மிச்சிகன் 30–27 என்று வென்றது. மறுபடியும் நடுவர்களுக்குத் தடை விதித்தார்கள், மறுபடியும் முடிவு மாறவில்லை.

1990-ல் மிசௌரியில் நடந்ததைப் பழைய ரசிகர்கள் இன்னும் மறக்கவில்லை. கொலராடோ அணிக்கு நான்குக்குப் பதில் ஐந்து வாய்ப்பு கிடைத்துவிட்டது. அந்த ஐந்தாவதில்தான் அவர்கள் 33–31 என்று வென்றார்கள். எத்தனையாவது வாய்ப்பு என்று காட்டும் பலகையை மாற்ற ஓரத்தில் நின்றவர்கள் மறந்ததில் தொடங்கியது அது. அந்த ஆண்டு கொலராடோ தேசிய சாம்பியன் பட்டத்தையும் பகிர்ந்துகொண்டது. இதற்கு நேர்மாறாக ஒன்றும் நடந்திருக்கிறது. 1940-ல் கார்னெல் பல்கலைக்கழகம் டார்ட்மவுத்தை இதே போல ஐந்தாவது வாய்ப்பில் வென்றது. படச்சுருளைப் போட்டுப் பார்த்தபோது தவறு தெரிந்தது. கார்னெல் தானாகவே முன்வந்து வெற்றியை விட்டுக்கொடுத்தது. நடுவரும் தவறை எழுத்தில் ஒப்புக்கொண்டார். அதே துணிச்சலை இன்று நான் நடுவரிடமிருந்து மட்டும் எதிர்பார்க்கவில்லை, அவரை வேலைக்கு வைத்திருப்பவர்களிடமிருந்தும் எதிர்பார்க்கிறேன்.

அவர்களோ எதிர்ப்பக்கம் போகிறார்கள். 2020-ல் ஓல் மிஸ் என்று அழைக்கப்படும் மிசிசிப்பி பல்கலைக்கழக அணி ஆபர்ன் அணியோடு ஆடிய ஆட்டத்தில், உதைத்த பந்து ஆபர்ன் வீரரின் விரலில் பட்டதா என்று நிறுத்திப் பார்க்காமல் விட்டார்கள். ஓல் மிஸ்ஸின் அப்போதைய பயிற்சியாளர் லேன் கிஃபின் அதைப் பற்றிய விமர்சனத்தைச் சமூக ஊடகத்தில் பகிர்ந்தார். நிறுத்திப் பார்த்திருக்க வேண்டும் என்று எஸ்இசி ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டுவிட்டு, கிஃபினுக்கு 25,000 டாலர் அபராதமும் போட்டது! உண்மையைச் சொன்னவரின் பையில் கைவைத்தால், அடுத்த பயிற்சியாளர் வாயைத் திறப்பாரா?

இப்போது நடுவர் பக்கம் நின்று கொஞ்சம் பேச வேண்டும். ஏனென்றால் இந்தக் கதையில் அதிகம் ஏச்சு வாங்குபவர்கள் அவர்கள்தான்.

ஒரு கல்லூரி ஆட்டத்தில் எட்டு நடுவர்கள் வரை நிற்பார்கள். வெள்ளைத் தொப்பி போட்டவர் தலைமை நடுவர். கிட்டத்தட்ட எல்லோருக்கும் வேறு வேலை உண்டு. திங்கள் முதல் வெள்ளி வரை பள்ளியிலோ காப்பீட்டு அலுவலகத்திலோ நீதிமன்றத்திலோ இருந்துவிட்டு, வெள்ளிக்கிழமை விமானம் ஏறி வருகிறவர்கள். சம்பளம் ஆட்டக் கணக்கு. அவர்களைச் சுற்றி நிற்கும் பயிற்சியாளர்களில் ஆண்டுக்கு ஒரு கோடி டாலருக்கு மேல் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். 2025 ஜூலையிலிருந்து ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் வீரர்களுக்கு மொத்தமாக ஆண்டுக்குச் சுமார் இரண்டு கோடி டாலர் வரை நேரடியாகப் பகிர்ந்து கொடுக்கலாம் என்று நீதிமன்றமே ஒப்புதல் தந்துவிட்டது. வீரர்களுக்குப் பணம் கிடைப்பதை நான் மனதார வரவேற்கிறேன். அந்த ஆட்டத்துக்குத் தீர்ப்புச் சொல்பவர் மட்டும் இன்னும் பகுதிநேர வேலையாள் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. 2018-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு விளையாட்டுச் சூதாட்டம் மாநிலம் மாநிலமாகச் சட்டப்படி வந்துவிட்டது. ஒரு மஞ்சள் துணியால் எங்கோ யாரோ பணம் இழக்கிறார். அவர் கோபமும் அதே நடுவர் மேல்தான் விழுகிறது.

என் மகன் உயர்நிலைப் பள்ளியில் ஆடிய நாட்களில், மைதான ஓரத்தில் 10 யார்டுச் சங்கிலி பிடிக்கும் தொண்டர்களில் நானும் ஒருவன். அங்கே நின்றால் நடுவர்கள் தங்களுக்குள் பேசுவது கேட்கும். தவறிவிட்டோமோ என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். ஆட்டம் முடிந்து கார் நிறுத்துமிடம் வரை அவர்களைத் துரத்திக்கொண்டு போய் ஏசுகிற பெற்றோர்களையும் பார்த்திருக்கிறேன். 2018–19 பருவத்துக்குப் பிறகு சுமார் 50,000 பேர் பள்ளி விளையாட்டு நடுவர் வேலையை விட்டுவிட்டார்கள் என்று மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பு சொல்கிறது. கல்லூரிக்கு வரும் நடுவர்கள் அந்த வரிசையிலிருந்துதான் வர வேண்டும். வரிசையே சுருங்கிவிட்டால் நாளைக்கு யார் வருவார்?

விதியைச் சீக்கிரம் திருத்த முடியாது என்றும் யாரும் சொல்ல முடியாது. 2024 அக்டோபர் 12 அன்று ஓரிகன் அணி ஒஹையோ ஸ்டேட்டுக்கு எதிராக, 10 நொடி மீதியிருக்கும்போது 11-க்குப் பதில் 12 பேரைக் களத்தில் வைத்து ஆடியது. தண்டனை 5 யார்டுதான்; ஆனால் அதற்குள் நான்கு நொடி ஓடிவிட்டது. ஓரிகன் 32–31 என்று வென்றது. எங்கள் ஊரில் அன்று யாரும் சரியாகத் தூங்கியிருக்க மாட்டார்கள். ஒரு வாரம் ஆவதற்குள், இனி இப்படி நடந்தால் கடிகாரத்தைப் பின்னால் நகர்த்தலாம் என்று விதிக்கு விளக்கம் வந்துவிட்டது. மனம் வைத்தால் ஒரு வாரம் போதும்.

ஆகவே என் கோரிக்கை இது. கல்லூரி ஃபுட்பாலின் உயர்மட்ட நடுவர்கள் எல்லோரையும் கான்ஃபரன்ஸ்களிடமிருந்து பிரித்து, ஒரே தேசிய அமைப்பின் கீழ் கொண்டுவர வேண்டும். தலைமை நடுவர்களுக்காவது முழுநேரச் சம்பளம் கொடுக்க வேண்டும். எல்லாவற்றையும்விட, தீர்ப்பின் காரணத்தைப் பொதுமக்களுக்குச் சொல்ல வேண்டும். என்பிஏ கூடைப்பந்து அமைப்பு 2015-லிருந்து நெருக்கமான ஆட்டங்களின் கடைசி இரண்டு நிமிடத் தீர்ப்புகளை மறுநாள் வெளியிடுகிறது. எது சரி, எது தவறு என்று வரிசையாக இருக்கும். கூடைப்பந்து அதனால் அழிந்துவிடவில்லை. 2025 பருவத்தில் ஏசிசி சில ஆட்டங்களில் ரீப்ளே அறையில் நடுவர்கள் பேசிக்கொள்வதை நேரலையில் கேட்கும்படி செய்தது. நானும் கேட்டேன். இந்தக் கோணத்தில் முழங்கால் தெரியவில்லை, அடுத்த கோணத்தைப் போடுங்கள் என்ற தொனியில் நிதானமாகப் பேசிக்கொள்கிறார்கள். நம் அணிக்கு எதிராகத் தீர்ப்பு வந்தாலும், அதைக் கேட்ட பிறகு அவர்கள் மேல் மரியாதைதான் வருகிறது.

எல்லா ஆட்டத்துக்கும் உடனே இதைச் செய்வது கஷ்டம் என்றால், பிளேஆஃபிலிருந்து தொடங்கட்டும். 2024-ல் அது 12 அணிகளாக விரிந்தபோது மொத்தமே 11 ஆட்டங்கள்தான். அந்த 11 ஆட்டங்களிலும் ரீப்ளே அறையின் பேச்சை ஒலிபரப்பட்டும். ஒவ்வொரு டார்கெட்டிங் தீர்ப்புக்கும் மறுநாள் காலையில் எழுத்தில் காரணம் வரட்டும்.

நன்றி, வணக்கம்.